கோடு ஆடுது மாமா

பேசாதீங்க மாமா. அதத்தானே உள்ள வந்ததுலருந்து சொல்லிட்டிருக்கேன்? நீங்க என்னடான்னா வாயத் தொறந்து தொறந்து மூடிட்டிருக்கீங்க. பேசினா கோடு ஆடும். இருமினாலும் ஆடும். கால் கட்டைவிரல ஆட்டினாக்கூட ஆடும். என்ன வேணும்னாலும் கண்ணக் காட்டுங்க, நான் புரிஞ்சுக்கறேன். இருபது வருஷமா இந்தக் கட்டில்ல படுக்கறவங்களோட கண்ணப் பாத்தே காலத்த ஓட்டினவ நான்.

சட்டையத் தேடறீங்களா? அதோ, கொக்கியில மாட்டியிருக்கேன். மாட்டறப்ப பையிலருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் கீழ விழுந்துச்சு, எடுத்து மேசைமேல வெச்சிருக்கேன். எங்கயும் ஓடிப் போயிடாது. படுங்க.

பனியன நெஞ்சு வரைக்கும் சுருட்டுங்க. இன்னும் மேல. எங்கிட்ட என்ன வெக்கம்? அக்கா புருஷனா இருந்தா என்ன, அமைச்சரா இருந்தா என்ன, இந்த ஈசிஜி ரூமுக்குள்ள வந்துட்டா எல்லாருக்கும் நெஞ்சுல ஒட்டற அதே ஆறு ரப்பர் பல்பு, அதே எடம். அம்மாடி, என்ன இப்படி எளைச்சுக் கெடக்கீங்க! விலா எலும்பத் தடவித் தேடற வேலையே இல்ல, தானா வந்து நிக்குது. தானே பொங்கித் தானே தின்ன ஒடம்புன்னு பாத்தாலே தெரியுது. ஜெல்லி சில்லுன்னுதான் இருக்கும். பொறுத்துக்கோங்க. இதவிடப் பெரிய பெரிய விஷயத்தையெல்லாம் பொறுத்த ஆளுதானே நீங்க.

வலி எப்படி இருக்கு? நெஞ்சுமேல ஆள் ஏறி உக்காந்த மாதிரியா? இடது கையில எறங்குதா? கண்ண ஒரு தடவ மூடித் தொறந்தா ஆமான்னு எடுத்துக்கறேன். சரி. வேர்வைய நான் தொடைச்சு விடறேன், நீங்க கையத் தூக்காதீங்க.

வாண்டு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா. உங்க பொண்ணத்தான் சொல்றேன். இருபத்தஞ்சு வயசாச்சு, ஆபீஸ்ல பத்துப் பேர வேல வாங்கறா, எனக்கு மட்டும் இன்னும் வாண்டுதான். கண்ணாடிக் கதவுல அவ நெழல் தெரியுது பாருங்க, நகத்தக் கடிச்சுட்டிருக்கா. அக்காவோட பழக்கம் அது. பன்னெண்டு வருஷமா அப்பா மொகத்துலயே முழிக்க மாட்டேன்னு இருந்தவ, இன்னிக்கு உங்களக் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்திருக்கா. மூணு நாளைக்கு முன்னாடி அவளுக்குப் போன் பண்ணீங்களாமே? அம்மா விஷயமா ஒண்ணு சொல்லணும், நேர்லதான் சொல்லணும், பத்தே நிமிஷம் குடும்மான்னு கெஞ்சினீங்களாமே? அன்னிக்கு சாயங்காலமே எங்கிட்ட சொல்லிட்டா. எங்கிட்ட அவ எதையும் மறைக்க மாட்டா. நான் வளத்த வளப்பு அப்படி.

அதுக்குன்னு இன்னிக்கு அவ ஆபீஸுக்கே போயிட்டீங்க. லிஃப்ட் ரிப்பேரு, மூணு மாடி. மேல போய்ச் சேந்து, அவ மொகத்தப் பாத்து, வாயத் தொறந்து, அப்படியே நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்துட்டீங்களாம். ஒரு வார்த்தகூட வரலையாம். அவ போன்ல அழுதுட்டே சொல்றா, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு மாமா, தப்பா நெனைக்காதீங்க. இத்தன வருஷம் அடக்கி வெச்சிருந்துட்டு, சொல்லப் போற அன்னிக்கா இப்படி ஆகணும்?

நியாயமாப் பாத்தா உங்கள நேரா எமர்ஜென்சிக்குக் கொண்டு போயிருக்கணும். இதே வராண்டாவோட அந்தக் கடைசிதான். ஆனா சித்தி நான் இங்க இருக்கறப்ப அவ எதுக்கு அங்க போறா? நம்ம வீட்டு ஆளுங்க இந்தக் கதவத்தானே தட்டுவாங்க. சீட்டு கெடையாது, வரிசை கெடையாது, நோட்டுல பேரு ஏறாது. இங்க வேல பாக்கற எல்லாரும் அப்படித்தான். லிஃப்ட்காரர் மாமியாரா, துணி துவைக்கற அம்மா புருஷனா, சீட்டு போடாம வாங்க, ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துடுவோம்னு நானே கூப்பிடுவேன். ஓட்டுவேன், பாப்பேன், நல்லாத்தான் இருக்குன்னு அனுப்பிடுவேன். டாக்டர் கண்ணுக்கே போகாது. அவங்களுக்கும் நேரம் மிச்சம், எனக்கும் ஒரு மரியாத. ஆக, நீங்க இங்க வந்து படுத்திருக்கறது இந்த ஆஸ்பத்திரியில என்னத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.

இருங்க, ஓட்டறேன். மூச்ச இழுத்துப் புடிக்காதீங்க, சாதாரணமா விடுங்க.

ம்.

சே. ஆடிருச்சு மாமா. சொல்லிட்டே இருந்தேன்ல? இது ஆகாது. மடிச்சு பாக்கெட்டுல போட்டுக்கறேன், இன்னொரு தடவ எடுக்கணும். மிஷின் வேற பழசு, கொஞ்சம் ஆறட்டும். நீங்களும் ஆறுங்க. அந்த மணியா? செவுத்துல இருக்கறதா? அது டூட்டி டாக்டருக்கு. அழுத்தினா ஓடி வந்துருவாங்க. ஆனா பேப்பர் சரியா வராம அழுத்தினா என்னத்தான் திட்டுவாங்க. பொறுங்க.

அதுவரைக்கும் சும்மா எதுக்குக் கெடக்கீங்க? தலையத் திருப்பாம கண்ண மட்டும் இப்படிக் கொண்டாங்க. ஸ்க்ரீன் தெரியுதா? அந்தப் பச்சைக் கோடுதான் நீங்க. மொதல்ல ஒரு சின்ன மேடு வருதா, அப்புறம் ஊசி மாதிரி ஒண்ணு சடார்னு ஏறி எறங்குதா, அது முடிஞ்சு கொஞ்சம் தள்ளி இன்னொரு மேடு. வெவரம் தெரியாதவன் ஊசியத்தான் பாப்பான். அதுதான் பெருசா குதிக்குது, சத்தம் போடுது. வெவரம் தெரிஞ்சவங்க அந்தக் கடைசி மேட்டப் பாப்பாங்க. டி வேவ்னு பேரு. நெஞ்சு ஒரு அடி அடிச்சுட்டு, ஓய்ஞ்சு, அடுத்த அடிக்குத் தயாராகற நேரம் அது. சண்ட போடறப்ப எல்லாரும் ஒரே மாதிரிதான் கத்துவாங்க. சண்ட முடிஞ்சு மூலையில உக்காந்திருப்பாங்க பாருங்க, அப்ப அவங்க மூஞ்சியப் பாத்தாத்தான் யாருக்கு எங்க அடின்னு தெரியும்.

நல்ல மேடுன்னா மெதுவா ஏறும், சட்டுனு எறங்கும். ரெண்டு பக்கச் சரிவும் ஒண்ணுபோல இருந்தாலே ஒரு சந்தேகம் வரணும். அடுத்தது, தல நிமிந்து இருக்கணும். வலது கைப் பக்கமிருந்து பாக்கற கோட்டுல மட்டும் தலைகீழா இருக்கும், அங்க அப்படித்தான் இருக்கணும். நெஞ்சுல மொதப் பல்புல கவுந்திருந்தாலும் தப்பில்ல. பொம்பளைங்களுக்கு ரெண்டாவதுலயும் கவுந்திருக்கலாம், அபூர்வமா மூணாவதுலகூட. ஒண்ணும் பயமில்ல. இந்த ஒரு வரிய நான் நல்லா நெட்டுரு போட்டு வெச்சிருந்தேன். எதுக்குச் சொல்றேன்னு அப்புறம் தெரியும்.

கெட்ட மேடு பல தினுசு. கிட்னி போனவங்களுக்கு முள்ளு மாதிரி கூரா குத்திட்டு நிக்கும். நாலு நாள் பேதியாகி வர்றவங்களுக்கு அமுங்கித் தரையோட தரையா கெடக்கும். இன்னொண்ணு இருக்கு, அகலமா, உசரமா, பானையக் கவுத்த மாதிரி. பக்கத்துல இருக்கற ஊசியையே முழுங்கற மாதிரி நிக்கும். அது ரத்தக் குழாய் அடைக்க ஆரம்பிச்ச மொதல் கொஞ்ச நேரத்துல மட்டும்தான் வரும். பாத்தவன் பொழைக்க வெச்சான், பாக்காதவன் கோட்ட விட்டான். அந்த நேரத்துலயே மருந்து ஏத்திட்டா ஆள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவான். அப்புறம் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் நெஞ்சுல ஒவ்வொரு துண்டா செத்துட்டே வரும்.

உங்களுது எதுன்னா? அட, சரியா ஒரு பேப்பர் வந்தாத்தானே சொல்ல முடியும். அவசரப்படாதீங்க. ஓரமா எண்பத்தெட்டுன்னு காட்டுது பாருங்க, அது உங்க துடிப்பு. அதுக்கே தொண்ணூத்தி நாலு ஆயிருச்சு.

தலைகீழா வர்ற ஜாதி ஒண்ணு பாக்கி இருக்கு. அக்காவுக்கு வந்தது. அந்தக் கதை உங்களுக்குத் தெரியாததில்ல, இருந்தாலும் பேச்சுத் தொணைக்குச் சொல்றேன். இதே ரூம், இதே கட்டில், மத்தியானச் சாப்பாட்டு நேரம். துணி புழியறப்ப நெஞ்ச அடைச்சுதுன்னு நீங்க அவளக் கூட்டிட்டு வந்தீங்க. வர்றதுக்குள்ள வலி போயிருச்சு, சிரிச்சுட்டே வந்தா. பாதிச் சாப்பாட்டுல கையக் கழுவிட்டு நான் ஓட்டினேன். பேப்பரப் பாத்தேன். மாமா, இது சரியில்ல, இப்பவே டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். நீங்க கேக்கல. வலிதான் போயிருச்சேன்னு பேப்பர மடிச்சுப் பையில வெச்சுட்டுக் கூட்டிட்டுப் போயிட்டீங்க. ஒம்பதாவது நாள் துணி காயப் போட்ட எடத்துலயே விழுந்தா. முப்பத்தி எட்டு வயசு. எங்கம்மா உங்கள வாசப்படி ஏற விடல. உங்க கூடப் பொறந்தவங்களே உங்கள ஒதுக்கினாங்க. வாண்டு, பதிமூணு வயசுப் பொண்ணு, இனிமே அந்தாள அப்பான்னு கூப்பிட மாட்டேன்னு சொல்லிட்டு எங்கிட்ட வந்துட்டா. கட்டின பொண்டாட்டிய ஒரு பேப்பரக் காட்டாம கொன்னவன். உங்களுக்கு அந்தப் பேருதான் நெலச்சுது.

ஏன் மாமா, நூத்திப் பன்னெண்டு போகுது? நான் என்ன பொய்யா சொல்றேன்? ஊரே சொல்ற கதைதானே.

இருங்க, இந்த ஓட்டத்துலயே ஒண்ணு எடுத்துப் பாக்கறேன். ம். இதுவும் ஆடிருச்சு. இதையும் பாக்கெட்டுல போடறேன்.

யாரு? உள்ள வராத கண்ணு, அப்படியே நில்லு. இன்னும் முடியலடா. அப்பா அசைஞ்சுட்டே இருக்காரு, ரெண்டு தடவையும் சரியா விழல. மிஷினும் மக்கர் பண்ணுது. பயப்படாத, சித்தி இருக்கேன்ல. பேசக் கூடாது, அவரப் பேச வைக்காத, பேசினா கோடு ஆடும். போ, தண்ணி குடிச்சுட்டு உக்காரு. ஆமா, ஆமா, பாத்துக்கறேன். கதவச் சாத்திட்டுப் போ.

கேட்டீங்களா மாமா? அப்பா, ஒண்ணும் இல்லப்பா, சித்தி பாத்துக்குவாங்கன்னா. அப்பான்னே கூப்பிட்டா. எத்தன வருஷம் கழிச்சு! ஐயோ, கண்ணுல தண்ணி வேற. இந்தாங்க, பஞ்சால ஒத்தி விடறேன். ஏதோ சொல்லப் பாத்தீங்க, காத்துதான் வந்துச்சு. நான் நடுவுல நின்னுட்டேன், அவளுக்கு உங்க மொகமே தெரிஞ்சிருக்காது.

சரி. இப்ப நாம ரெண்டு பேர் மட்டும்தான். நமக்குள்ள எதுக்கு நடிப்பு?

அன்னிக்கு அக்காவோட பேப்பர டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாமான்னு கேட்டது நீங்க. பயந்து பயந்துதான் கேட்டீங்க, என் வாய்க்குப் பயப்படாதவங்க நம்ம வீட்ல யாரு? ஏசி ரூம்னு ரெண்டு நர்சுங்க இங்க உக்காந்து சாப்பிட்டுட்டிருந்தாங்க. அவங்க முன்னாடி கேட்டுட்டீங்க. ஏன், நான் பாத்தா ஆகாதா, எட்டு வருஷமா இங்க என்ன பூப் பறிச்சுட்டிருக்கேனான்னு எகிறினேன். அக்கா வேற சிரிச்சா. விடுங்க, அவளுக்குத் தான் பாதி டாக்டர்னு நெனப்பு, அப்புறம் மூஞ்சியத் தூக்கிக்குவான்னா. சின்ன வயசுலருந்தே அப்படித்தான். அவளுக்குத் தலவலின்னா வீடே படுத்துக்கும். எனக்குக் காய்ச்சல்னா தட்ட மூடி வெச்சுட்டுப் போயிடுவாங்க. நான் எதக் கத்துக்கிட்டாலும் அவளுக்கு ஒரு சிரிப்பு. உங்க கையிலருந்து பேப்பரப் புடுங்கினேன். நார்மல், டாக்டர் தேவையில்லன்னு பேனாவால எழுதி, கீழ கையெழுத்தும் போட்டுக் குடுத்தேன். அழுத்தின அழுத்துல பேப்பர் ஒரு எடத்துல பொத்துக்கிச்சு.

தெரியாமப் பண்ணினேனான்னு பாக்கறீங்க. பாதி தெரியும். ரெண்டு, மூணு, நாலு, மூணு பல்புலயும் மேடு கவுந்து, கிணறு மாதிரி ஆழமா எறங்கியிருந்துச்சு. பொம்பளைங்களுக்கு அப்படி இருக்கலாம்னு நெட்டுரு போட்ட வரி இருக்கே, அதப் புடிச்சுக்கிட்டேன். நாலாவதுல அப்படி வரவே கூடாதுன்னும் தெரியும். வலி நின்ன நேரத்துல அப்படி வந்தா இன்னும் மோசம்னு அன்னிக்கு மத்தியானமே புஸ்தகத்தத் தொறந்து படிச்சேன். வெளிய பாத்தா ஆள் சிரிக்கும், உள்ள பெரிய குழாய் நூலெழையில நிக்கும். படிச்சதும் போன எடுத்தேன். உங்க நம்பர அழுத்தினேன். அப்புறம் அந்த நர்சுங்க நெனப்பு வந்துச்சு, அக்காவோட சிரிப்பு நெனப்பு வந்துச்சு. வெச்சுட்டேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு ஒம்பது நாள் போயிருச்சு மாமா.

அவளத் தரையில கெடத்தியிருக்கு, எங்கம்மா எந்திரிச்சு வந்து என் தலமயிரப் புடிச்சு, நீதானேடி பாத்தே, என்னடி பாத்தேன்னு உலுக்கறா. வீடு நெறைய சனம். நான் டாக்டர்கிட்ட காட்டச் சொன்னேம்மா, மாமாதான் கேக்கலன்னு சொன்னது நான்தானான்னு எனக்கே தெரியல. வாய் தானா சொல்லிருச்சு. சொல்லிட்டு உங்களப் பாத்தேன். செத்தோம், இதோ இந்தாளு வாயத் தொறக்கப் போறாரு, பேப்பர எடுத்துக் காட்டப் போறாருன்னு நிக்கறேன். நீங்க என்னப் பாத்தீங்க, என் இடுப்பக் கட்டிட்டு நின்ன வாண்டப் பாத்தீங்க, தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சது நான். அந்தச் சோத்த ஒரு வார்த்த பேசாம தின்னது நீங்க.

எனக்குத் தெரியும் நீங்க ஏன் பேசலன்னு. அம்மா போயாச்சு, சித்தியும் போயிட்டா பொண்ணுக்கு யாருன்னு கணக்குப் போட்டீங்க. பெரிய மனசு. அந்தப் பெரிய மனசத்தான் என்னால தாங்க முடியல. தெனம் காலைல அவளுக்குத் தல பின்னி விடறப்ப, இது அவர் போட்ட பிச்சைடின்னு உள்ள ஒரு கொரல் கேக்கும். நீங்க ஒரு தடவ வந்து என்னக் காறித் துப்பியிருந்தா உங்கள மன்னிச்சிருப்பேன். நீங்க என்னடான்னா மாசா மாசம் அவளுக்குப் புஸ்தகம் வாங்கி எங்க வீட்டு கேட்டுல வெச்சுட்டுப் போனீங்க. ஒண்ணக்கூட அவ கண்ணுல காட்டல நான்.

இப்பதான் மேசைமேல இருக்கற கவரப் பிரிச்சுப் பாத்தேன். நீங்க கண்ண மூடியிருந்தப்ப. அட முட்டாள் மாமா! இந்த ஈசிஜி பேப்பர் மையில அச்சாகறதில்ல, சூட்டுல அச்சாகறது. வெயில்ல வெக்கக் கூடாது, பிளாஸ்டிக்ல வெக்கவே கூடாது. எங்க தொழில்ல மொதல்ல கத்துக்கறதே அதுதான், ஒடனே ஜெராக்ஸ் எடுத்து வெச்சுடணும். நீங்க பொத்திப் பொத்தி வெச்சிருந்திருக்கீங்க. கோடு முழுசும் போயிருச்சு. அக்கா போயிட்டா இதுலருந்து. ஊசியும் இல்ல, மேடும் இல்ல, வெறும் கட்டம். பேனா மட்டும் அப்படியே நிக்குது. நார்மல், டாக்டர் தேவையில்ல. கீழ என் கையெழுத்து, தேதி. பொத்துன ஓட்டைகூட இருக்கு. இத அவ கையில குடுத்திருந்தீங்கன்னா ஒரு வார்த்த நீங்க பேச வேண்டியதில்ல.

ஏன் இப்ப? அவதான் சொந்தக் கால்ல நின்னுட்டாளே, இனிமே சித்தி இல்லன்னாலும் பொழைச்சுக்குவான்னா? அவ பொழைச்சுக்குவா. நான்? கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பாக்காம அவ ஒருத்திதான் எல்லாம்னு இருந்துட்டேனே மாமா. சாயங்காலம் அவ செருப்புச் சத்தம் கேக்கலன்னா எனக்குச் சோறு எறங்காது. அவ என்னையும் ஒரு பார்வ பாத்தா, உங்களப் பாத்தாளே அந்த மாதிரி ஒரு பார்வ, நான் அன்னிக்கே செத்துருவேன். உங்கள மாதிரி பன்னெண்டு வருஷம் தாங்கற தெம்பு எனக்குக் கெடையாது.

நூத்தி இருபத்தெட்டு. நடுவுல ஒண்ணு ரெண்டு அடி தாறுமாறா விழுது. இது போதும்னு நெனைக்கறேன். இருங்க, ஓட்டறேன்.

ஆங், அருமையா விழுந்திருக்கு. ஊசி முடிஞ்ச எடத்துலருந்து கோடு கீழ எறங்கவே இல்ல பாருங்க, மேட்டோட மேடா சேந்து தோளத் தூக்கிட்டு நிக்குது. இதுக்கு மேல ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. நேத்து வேலைக்குச் சேந்தவன்கூட ஒரே பார்வையில சொல்லிருவான்.

மொதப் பேப்பரா? அதுல கோடு எங்க ஆடுச்சு? தெளிவா வந்துருச்சு மாமா. ரெண்டு, மூணு, நாலு, மூணுலயும் மேடு அகலமா, உசரமா, ஊசிய முழுங்கிட்டு நின்னுச்சு. எங்க அக்காவுக்கு எங்க வந்துச்சோ அதே எடம். பதினொண்ணு எட்டுன்னு ஓரத்துல நேரமும் அடிச்சிருக்கு. இப்ப மணி பதினொண்ணு முப்பத்தஞ்சு.

எந்திரிக்காதீங்க, ஒயர் பிச்சுக்கும். என்ன கையத் தூக்கறீங்க, அடிக்கவா? அடிங்க. அதுக்கும் தெம்பில்லல்ல.

இதோ, மணிய அழுத்திட்டேன். கேக்குதா? ரெண்டே நிமிஷத்துல ஓடி வந்துருவாங்க. இன்னிக்கு டூட்டியில இருக்கறவர் கைராசிக்காரர், பொழைச்சாலும் பொழைச்சுக்குவீங்க, யாரு கண்டா. வந்ததும் சட்டைய அவுத்தேன், ஒட்டினேன், மிஷின் படுத்துச்சு, மூணாவது தடவ விழுந்துச்சு, ஒடனே கூப்பிட்டேன்னு சொல்லிக்குவேன். நோட்டுலயும் உங்க பேரு இல்ல, எத்தன மணிக்கு வந்தீங்கன்னு யாருக்குத் தெரியும்? வாண்டு கேக்க மாட்டா. அவளுக்குச் சித்தி சொல்றதுதான் நேரம். அந்த ரெண்டு பேப்பரும் என் பாக்கெட்டுல, உங்க கவரும் அதோடதான். மத்தியானம் குப்பையோட எரிக்கப் போயிரும்.

செருப்புச் சத்தம் கேக்குது. அவதான், மணிச் சத்தம் கேட்டு ஓடி வர்றா. அழுதுட்டே வருவா, உங்க கையப் புடிச்சுக்குவா. புடிச்சுக்கட்டும், அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. என்னமோ சொல்லணும்னியேப்பா, என்னப்பான்னு கேப்பா. பன்னெண்டு வருஷம் பேசாம இருந்தவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் பெருசா?

வா கண்ணு, வா. ஒண்ணும் இல்ல, டாக்டர் வந்துட்டிருக்காரு. பேசாதீங்க மாமா. கோடு ஆடுது.